133 நாள் ஹங்கேரி: ருமேனியப் படை வராமல் இருந்திருந்தால்?

வாசகர் ஒருவர் எழுதியது, செப்டம்பர் 6

1919இல் ஹங்கேரியில் அமைந்த சோவியத் குடியரசு 133 நாளில் விழுந்தது. ருமேனியப் படையும் பின்னாலிருந்த பிரான்சும் சேர்ந்து கழுத்தை நெரித்ததுதான் காரணம். வெளியிலிருந்து அடி விழாமல் இருந்திருந்தால் அந்த அரசு நின்றிருக்கும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

செப்டம்பர் 6, இரவு

மறுக்கிறேன். படை வந்தது உண்மை, பிரான்ஸ் பின்னால் இருந்ததும் உண்மை. ஆனால் மே கடைசியில் அந்தக் குடியரசின் படையான செம்படை வடக்கே போய் செக்கோஸ்லோவாக்கியப் படையைத் துரத்தியது. ஜூன் 6ஆம் தேதி கஷ்ஷா நகரத்தையே பிடித்தது (இன்றைக்கு ஸ்லோவாக்கியாவில் கோஷித்ஸே). ஜூலை 20ஆம் தேதி அதே படை டீசா ஆற்றைத் தாண்டி ருமேனியர்களைத் தாக்கப் போனது. பத்தே நாளில் கலைந்து ஓடியது. ஆறு வாரத்தில் ஒரு படை இப்படி ஆகிறதென்றால் எதிரியின் பலத்தை மட்டும் எண்ணிப் பார்த்துப் பயனில்லை. சிப்பாய் எதற்காகத் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஊர்ப் பக்கம் நடந்தான் என்று கேட்கணும்.

நான் புடாபெஸ்டில் சில வருடம் வேலை பார்த்தவன். கண்ணில் பட்டதையும் படித்ததையும் வைத்து, நேரம் கிடைக்கிறபோது இங்கேயே எழுதுகிறேன். ஒரே மூச்சில் முடிகிற விஷயம் இல்லை.

செப்டம்பர் 7

எப்படி வந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கணும். விழுந்த காரணம் பாதி அங்கேயே கிடக்கிறது.

1918 அக்டோபர் 31. போரில் தோற்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சிதறிக்கொண்டிருக்கிறது. புடாபெஸ்டில் சிப்பாய்கள் தொப்பியில் ஆஸ்டர் பூவைச் செருகிக்கொண்டு தெருவில் இறங்குகிறார்கள். மிஹாய் காரோயி பிரதமர் ஆகிறார். நவம்பர் 16இல் குடியரசு அறிவிப்பு. பிறகு அவரே குடியரசுத் தலைவர். பெரும் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை, ஆனால் நல்ல மனிதர். வென்ற நாடுகளோடு நட்பாக இருந்தால் எல்லை தப்பும் என்று மனதார நம்பினார். வடக்கே செக், கிழக்கே ருமேனியா, தெற்கே செர்பியா என்று மூன்று பக்கமும் படை உள்ளே வந்துகொண்டே இருந்தது. நகரத்தில் வேலையில்லாத சிப்பாய்கள், பறிபோன மாவட்டங்களிலிருந்து வந்த அகதிகள், நிலக்கரி இல்லாத குளிர்காலம்.

பேலா குன் அந்த நவம்பரில்தான் ரஷ்யாவிலிருந்து திரும்புகிறார். டிரான்சில்வேனியாக்காரர், பத்திரிகையாளர், வயது முப்பத்திரண்டு. ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்த காலத்தில் போல்ஷ்விக் ஆனவர். நவம்பர் 24இல் ஹங்கேரியக் கம்யூனிஸ்டுக் கட்சி உருவாகிறது. பிப்ரவரி 20இல் சமூக ஜனநாயகக் கட்சியின் நாளிதழ் அலுவலகத்துக்கு முன்னால் கலவரம். போலீஸ்காரர்கள் சிலர் செத்தார்கள். குன்னும் மற்ற தலைவர்களும் கைது. சிறையில் போலீஸ்காரர்கள் அவரை அடித்து நொறுக்கினார்கள். அது பத்திரிகையில் வந்ததும், முந்தின நாள்வரை அவரைத் திட்டியவர்களுக்கே மனசு மாறியது.

மார்ச் 20. பிரெஞ்சு லெப்டினன்ட் கர்னல் ஃபெர்னாண்ட் விக்ஸ் ஒரு குறிப்பை நீட்டுகிறார். கிழக்கில் படையை இன்னும் பின்னுக்கு இழு, இடைப்பட்ட நிலம் நடுநிலைப் பகுதி, மறுநாள் மாலைக்குள் பதில் சொல். ஏற்றால் நாட்டைக் கொடுத்த பழி, மறுத்தால் போர். மந்திரிசபை ராஜினாமா செய்தது. ஆட்சியைச் சமூக ஜனநாயகவாதிகளிடம் விடலாம் என்று காரோயி நினைத்திருந்தார். அவர்களோ நேரே சிறைக்குப் போய்க் குன்னோடு உட்கார்ந்து இரண்டு கட்சியையும் ஒன்றாக்கிக் கையெழுத்துப் போட்டார்கள். மார்ச் 21 இரவு சோவியத் குடியரசு. காலையில் கைதியாக இருந்தவர் ராத்திரி வெளியுறவு கமிஸார், அதாவது மந்திரி.

ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. பழைய ராணுவ அதிகாரியும் வங்கி குமாஸ்தாவும் தேசியவாதியும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். மேற்கு கைவிட்டது, இனி ரஷ்யச் செம்படை கார்பாத்திய மலையைத் தாண்டி வந்து எல்லையைக் காக்கும் என்ற நினைப்பு. மார்க்ஸுக்காக வந்தவர்களைவிட வரைபடத்துக்காக வந்தவர்கள்தான் அதிகம். இந்தக் கணக்கு ஜூன் மாதம் தீர்க்கப்படும்.

செப்டம்பர் 7, பின்னிரவு

"அதிபர் குன்" என்று இந்த இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார். குன் அதிபர் இல்லை. ஆட்சி மன்றத் தலைவர் ஷாண்டோர் கார்பாய். கொத்தனாராக வேலை பார்த்தவர், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். ஆனால் பிடி முழுக்கக் குன் கையில்தான். லெனினுக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது: இரண்டு நாள் கழித்து வானொலித் தந்தியில், உங்கள் அரசு உண்மையிலேயே கம்யூனிஸ்டு அரசுதானா, வெறும் சமூக ஜனநாயகமா, என்ன உத்தரவாதம் என்று கேட்டார். குன் தன்னால் முடிந்த அளவு சமாதானம் சொன்னார்.

செப்டம்பர் 11

இனி நிலம். என் வாதமே இதுதான், அதனால் நீளமாகத்தான் எழுதுவேன்.

ஹங்கேரி அப்போது பெரும் பண்ணைகளின் தேசம். ஒரு பிரபு வீட்டு நிலத்தைக் குதிரையில் ஒரு நாளில் சுற்றி வர முடியாது. அடியில் கூலிக்காரர்களும் துண்டு நிலத்துக்காரர்களுமாக லட்சக்கணக்கான குடும்பங்கள். காரோயியின் அரசு பிப்ரவரியில் சட்டம் போட்டது: 500 ஹோல்டுக்கு மேல் இருந்தால் பங்கிடணும். ஒரு ஹோல்டு நம் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். பிப்ரவரி 23ஆம் தேதி காரோயியே தன் சொந்தப் பண்ணை இருந்த கால்-காபோல்னாவுக்குப் போய்த் தன் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலையைத் தொடங்கிவைத்தார். அதற்குள் ஆட்சி போய்விட்டது.

குன் அரசு வந்து ஏப்ரல் தொடக்கத்தில் ஆணை போட்டது. வரம்பு 100 ஹோல்டு என்று ஆனது, நஷ்ட ஈடு கிடையாது. காகிதத்தில் காரோயியைவிட எத்தனையோ மடங்கு தீவிரம். ஆனால் எடுத்த நிலத்தை யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை. பண்ணையை அப்படியே வைத்துக் கூட்டுறவு என்றும் அரசுப் பண்ணை என்றும் பலகை மாட்டினார்கள். நிர்வாகம் தெரிந்த ஆள் வேண்டுமென்று பல இடத்தில் பழைய காரியஸ்தரையே மேலாளராக உட்காரவைத்தார்கள், சில இடத்தில் பழைய முதலாளியையே. கூலிக்காரன் காலையில் எழுந்து போனால் அதே களத்துமேடு, அதே ஆள் மிரட்டுகிறான், இப்போது சட்டையில் சிவப்பு நாடா.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். தாத்தா பண்ணையாளாக இருந்து, பிறகு குத்தகைக்குப் பயிர் வைத்தவர். கடைசிக் காலத்தில் கொஞ்சம் நிலம் அவர் பேருக்கு வந்தது. அந்தப் பட்டாவை டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்திருப்பார். எழுத்து படிக்கத் தெரியாது. தன் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் விரல் வைத்துக் காட்டுவார். நிலம் சமுதாயத்தின் சொத்து, உனக்கும் அதில் பங்கு உண்டு என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். உயிரைக் கொடுத்திருப்பாரா? ஹங்கேரியச் சிப்பாயில் பெரும்பாதி இப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள்.

லெனினுக்கு இது புரிந்திருந்தது. 1917இல் ஆட்சிக்கு வந்த மறுநாளே நிலத்தை விவசாயிகளிடம் விட்டார், தன் கட்சிக் கொள்கைக்குப் பொருந்தாவிட்டாலும் விட்டார். அடுத்து வந்த உள்நாட்டுப் போரில் ரஷ்யக் குடியானவன் வெள்ளைப் படை (போல்ஷ்விக்குகளை எதிர்த்த படை) திரும்பி வந்தால் பண்ணையார் திரும்பி வருவான் என்று பயந்தான். ஹங்கேரியக் குடியானவனுக்குப் பறிகொடுக்க ஒன்றுமே தரப்படவில்லை. புடாபெஸ்ட் தோழர்கள் ரஷ்யாவை ஒரு படி தாண்டிவிட்டோம் என்று பெருமைப்பட்டார்கள்.

செப்டம்பர் 12

நேற்று விட்டுப்போன ஒன்று. சிறு விவசாயிகளுக்கு நல்லது செய்வதாக நினைத்து நிலவரியை ரத்து செய்தார்கள். கிராமத்தில் அதையே சந்தேகமாகப் பார்த்தார்கள். வரி கட்டினால்தான் நிலம் என்னுடையது, வரி வேண்டாம் என்றால் நாளைக்கு நிலத்தையும் எடுக்கப் போகிறான் என்று பொருள். கிஸ்தி ரசீதைப் பத்திரத்தோடு சேர்த்து வைக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

செப்டம்பர் 14

"பிரித்துக் கொடுத்திருந்தால் புடாபெஸ்ட் பட்டினி கிடந்திருக்கும்" என்ற எதிர்வாதத்துக்கு வருகிறேன். இது லேசான வாதம் இல்லை. இரண்டு நாளாக யோசித்தேன்.

பத்து லட்சத்தை நெருங்கும் மக்கள் வாழ்ந்த நகரம். நேச நாடுகளின் முற்றுகை. தானியம் விளையும் கிழக்குச் சமவெளியின் பெரும்பகுதி மே தொடக்கத்தில் ருமேனியர் கையில். சந்தைக்கு வரும் கோதுமையில் பெரும்பங்கு பெரும் பண்ணைகளிலிருந்து வருவது. துண்டாக்கினால் ஒவ்வொருவனும் முதலில் தன் குடும்பத்துக்குச் சாப்பிடுவான், மிச்சத்தைத்தான் விற்பான். நகரத்துத் தொழிலாளியை நம்பி நின்ற அரசுக்கு இந்தப் பயம் நியாயமானது.

ஆனால் பண்ணையைப் பிரிக்காமல் வைத்தும் ரொட்டி வரவில்லையே. காரணம் பணம்.

புடாபெஸ்டில் எச்செரி என்று ஒரு பழைய பொருள் சந்தை உண்டு. அங்கே ஒரு கிழவரின் பெட்டியில் அந்தக் காலத்து 200 கொரோனா நோட்டைப் பார்த்தேன். முன்பக்கம் முறையாக அச்சிட்டிருக்கிறது. திருப்பினால் பின்பக்கம் வெறும் வெள்ளை. காகிதமும் மெலிசு, வெளிச்சத்தில் பிடித்தால் முன்பக்க எழுத்து மங்கலாகத் தெரிகிறது. விலை ஒரு காப்பிக்காசு. இதுதான் 'வெள்ளைப் பணம்'. வியன்னாவில் அடித்த பழைய நோட்டு 'நீலப் பணம்'. நீலப் பணம் அடிக்கும் தகடு வியன்னாவில் மாட்டிக்கொண்டதால் புடாபெஸ்ட் தன் கையில் கிடைத்ததை அடித்துத் தள்ளியது. கிராமத்தான் வெள்ளையைத் தொடவே மாட்டேன் என்றான். நீலத்தைக் கொண்டு வா. இல்லையென்றால் உப்பு, மண்ணெண்ணெய், துணி கொண்டு வா.

அரசு தொழிலாளியின் கூலியை ஏற்றியது, வாடகையை 20 சதவீதம் குறைத்தது, எட்டு மணி நேர வேலை கொண்டுவந்தது, 20 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளை நாட்டுடைமையாக்கியது. எல்லாம் நல்ல காரியம். ஆனால் கூலியைக் கொடுத்தது வெள்ளைப் பணத்தில். அந்தப் பணத்துக்கு உருளைக்கிழங்கு கிடைக்காது. தொழிலாளி வீட்டுப் பெண்கள் சனிக்கிழமை ரயில் ஏறிக் கிராமத்துக்குப் போய்ப் படுக்கை விரிப்பைக் கொடுத்து மாவு வாங்கி வந்தார்கள்.

ஆகவே, பிரித்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். நகரம் எப்படியும் பட்டினிதான். கிராமமாவது கூட நின்றிருக்கும்.

செப்டம்பர் 20

நல்லதைச் சொல்லவே மாட்டாயா என்று கேட்டவருக்கு. சொல்லாமல் எப்படி இருப்பேன்? அந்த நாட்களில் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிற விஷயங்கள் இருக்கின்றன.

பணக்காரர் மட்டும் நடமாடிய மார்கிட் தீவு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. டான்யூபின் நடுவில் இருக்கும் தீவு. நான் ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போவேன், மரத்தடியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளை பலட்டோன் ஏரிக்கரைக்கு விடுமுறைக்கு அனுப்பினார்கள். பணக்காரர் மாளிகையில் அந்தப் பிள்ளைகள் தூங்கினார்கள். பல பிள்ளைகள் அன்றைக்குத்தான் ஏரியையே பார்த்தார்கள். குழந்தைகளுக்குக் கதை சொல்லும் மதியங்களை அரசே நடத்தியது; எழுத்தாளர்கள் பேலா பலாஷும் அன்னா லெஸ்னாயும் முன்னின்றார்கள். இசை நிர்வாகக் குழுவில் இசையமைப்பாளர்கள் பார்டோக், கோடாய், டோனானி மூவரும் இருந்தார்கள். நடிகர் சங்கத்தில் முன்னணியில் நின்ற பேலா லுகோசி பிறகு தப்பி ஓடி ஹாலிவுட்டில் டிராகுலாவானார். 18 வயதான உழைக்கும் ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு. ஏப்ரலில் தேர்தலும் நடந்தது. ஒரே பட்டியல்தான், எதிர்த்து நிற்க ஆள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பாதிரியாருக்கும் முதலாளிக்கும் ஓட்டுக் கிடையாது.

மே தினத்தில் புடாபெஸ்ட் முழுக்கச் சிவப்புத் துணி. மன்னர் சிலைகள் நிற்கும் பெரிய சதுக்கத்தையே துணியால் மூடி மறைத்தார்கள். அதே நாளில் ருமேனியப் படை டீசா ஆற்றங்கரையில் நின்றது. ஊரில் உடுத்தத் துணி இல்லாதபோது இவ்வளவு துணி ஏது என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. மதுவிலக்கும் முதல் நாளே வந்துவிட்டது. திராட்சைத் தோட்டக்காரர்களின் பகை அதனால் வந்து சேர்ந்தது.

செப்டம்பர் 21

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. அந்தக் கல்வித் துறையில் இருந்தவர் தத்துவவாதி கியார்கி லூகாச். பிள்ளைகளுக்கு நாடகம், நூலகம், கதை என்று திட்டம் போட்டவர். அவரே மே மாதம் ஐந்தாவது செம்படைப் பிரிவின் அரசியல் கமிஸாராக டீசா போர்முனைக்குப் போனார். பொரொஸ்லோ என்ற ஊரில் ஒரு பட்டாலியன் சண்டை போடாமல் ஓடிவிட்டது. எட்டுப் பேரைச் சந்தையில் நிறுத்திச் சுட ஏற்பாடு செய்தார். பிற்காலத்தில் இதை அவரே சொன்னார்.

இன்னொரு கமிஸார் டிபோர் சாமுவேலி தனி ரயிலில் ஊர் ஊராகப் போய் எதிர்ப்புரட்சி என்ற பேரில் தூக்கிலிட்டார். 'லெனின் பையன்கள்' என்று தோல் சட்டைக் கும்பல் ஒன்று யோசெஃப் செர்னியின் கீழ் இருந்தது. விழுந்த பிறகு அரசு வழக்கறிஞர் ஆல்பர்ட் வாரி தொகுத்த பட்டியலில் செம்பயங்கரத்துக்குப் பலியானவர்கள் 590 பேர். அதில் கணிசமான பேர் குடியானவர்கள். தானியத்தைப் பதுக்கினான், சேர்ந்து கலகம் செய்தான் என்று பிடித்தவர்கள். நிலம் கொடுக்காத கிராமத்திடம் கயிற்றைக் காட்டித் தானியம் கேட்டால் அந்தக் கிராமம் எப்படிக் கூட நிற்கும்?

புரட்சி என்றால் இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு இருபது வயதில் யாரோ சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். இப்போது ஆட்ட மனசு வரவில்லை. பொரொஸ்லோ எட்டுப் பேரையும் பலட்டோன் பிள்ளைகளையும் ஒரே தராசில் வைத்து எடை பார்க்கத் தேவையில்லை. இரண்டையும் செய்தது ஒரே அரசு, அவ்வளவுதான்.

செப்டம்பர் 28

இனி வடக்குப் படையெடுப்பு.

ஏப்ரல் 16இல் ருமேனியா தாக்கியது, மே 1க்குள் டீசா வரை வந்துவிட்டது. செக் படையும் வடக்கிலிருந்து இறங்கியது. மே தொடக்கத்தில் கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். தொழிற்சங்கங்கள் ஆலை ஆலையாக ஆள் திரட்டின. பழைய பேரரசின் அதிகாரி அவ்ரேல் ஸ்ட்ரோம்ஃபெல்ட் படைத் தலைமையகத்தின் பொறுப்பை ஏற்றார். தளபதி வில்மோஸ் போம், தொழிற்சங்கக்காரர். மிஷ்கோல்ட்ஸ் மீண்டது, கஷ்ஷா விழுந்தது, சில நாளில் பழைய போலந்து எல்லைப் பக்கம் வரை போய்விட்டார்கள். ஜூன் 16இல் ப்ரெஷோவ் நகரத்தில் ஸ்லோவாக் சோவியத் குடியரசு என்று தனியாக ஒன்றே அறிவிக்கப்பட்டது. தலைவர் அந்தோனின் யானோஷேக் ஒரு செக் தொழிலாளி. அதன் ஆயுள் மூன்று வாரம். ப்ரெஷோவ் போயிருக்கிறேன். நகர மன்றக் கட்டடம் பிரதான வீதியிலேயே இருக்கிறது. கீழே ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு பிள்ளைகள் நடக்கிறார்கள்.

அந்தப் படை ஏன் அப்படிச் சண்டை போட்டது? தொழிலாளிக்குத் தன் அரசு. அதிகாரிக்கும் குடியானவச் சிப்பாய்க்கும் தன் நாடு. இரண்டு வேகமும் ஒரே திசையில் ஓடியது அந்த மூன்று வாரம்தான்.

ஜூனில் பாரிஸிலிருந்து பிரெஞ்சுப் பிரதமர் கிளெமென்சோவின் குறிப்பு வந்தது. வடக்கிலிருந்து பின்வாங்கு, நீ பின்வாங்கினால் ருமேனியப் படை டீசாவிலிருந்து பின்வாங்கும். குன் ஒப்புக்கொண்டார். மூச்சு விட அவகாசம் வேண்டும் என்பது அவர் கணக்கு. லெனின் 1918இல் ப்ரெஸ்ட்-லிடோவ்ஸ்க்கில் ஜெர்மனிக்கு நிலம் கொடுத்து உயிர் தப்பியது முன்னால் இருந்தது. ஜூன் 30இல் வாபஸ் தொடங்கியது. ஸ்ட்ரோம்ஃபெல்ட் ராஜினாமா செய்தார். ருமேனியர்கள் ஒரு அடிகூட நகரவில்லை.

அன்றைக்கே முடிந்துவிட்டது என்பேன். எல்லைக்காகச் சேர்ந்தவனுக்கு எல்லை போனது. நிலத்துக்காகச் சேர்ந்திருக்க வேண்டியவனுக்கு நிலம் வரவேயில்லை. அறுவடைக் காலம் வேறு. சிப்பாய் வீட்டுக்குப் போனான்.

செப்டம்பர் 29

"குன்னுக்கு வேறு வழி என்ன இருந்தது?" நியாயமான கேள்வி. மறுத்திருந்தால் பிரெஞ்சு, செர்பியப் படைகள் தெற்கிலிருந்து வந்திருக்கலாம். ரஷ்யா வரும் என்ற நம்பிக்கை மே மாதமே போய்விட்டது: உக்ரைனில் கிரிகோரியேவ் கலகம், பின்னாலேயே வெள்ளைப் படைத் தளபதி தெனீக்கினின் முன்னேற்றம். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. தென்னாப்பிரிக்காவின் யான் ஸ்மட்ஸ் நேச நாடுகளின் தூதராக ரயிலில் புடாபெஸ்ட் வந்தார், விக்ஸ் கோட்டைவிடக் கொஞ்சம் தாராளமான கோட்டைக் காட்டினார். ரயிலை விட்டே இறங்கவில்லை. ஊருக்குள் வந்தால் அங்கீகாரம் ஆகிவிடுமாம். குன் பெட்டிக்குப் போய்ப் பேசினார், திருத்தம் கேட்டார். ஸ்மட்ஸ் ரயிலைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அன்று வாங்கியிருந்தால் ஜூனில் கிடைத்ததைவிட நல்ல எல்லை. ஆனால் எல்லைக்காகவே ஆட்சிக்கு வந்து ரெண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

அக்டோபர் 5

கடைசி நாட்கள் சுருக்கமாக. ஜூலை 20 டீசாவைத் தாண்டினார்கள். ஒரு வாரத்துக்குள் திரும்பி ஓட்டம். ஜூலை கடைசியில் ருமேனியர்கள் ஆற்றைத் தாண்டினார்கள், ஆகஸ்ட் 1இல் ஆட்சி மன்றம் ராஜினாமா. குன்னும் மற்றத் தலைவர்களும் குடும்பங்களோடு வியன்னாவுக்கு ரயில் ஏறினார்கள். சாமுவேலி மறுநாள் ஆஸ்திரிய எல்லையில் செத்தார். ஜூலா பெய்டலின் தொழிற்சங்க அரசு ஆறு நாள் இருந்தது.

ருமேனியப் படை புடாபெஸ்டில் நவம்பர் வரை உட்கார்ந்து ரயில் எஞ்சின் முதல் டெலிபோன் வரை ஏற்றிப் போனது. தேசிய அருங்காட்சியகத்தை அள்ள வந்தபோது அமெரிக்க ஜெனரல் ஹாரி ஹில் பண்ட்ஹோல்ட்ஸ் கையில் சவுக்கோடு போய் நின்று கதவுக்கு முத்திரை வைத்தார். சுதந்திரச் சதுக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது, கை பின்னால் கட்டி, சவுக்கோடு. என் அலுவலகத்திலிருந்து சாப்பிடப் போகிற வழி.

அக்டோபர் 13

எதிர்ப்புரட்சிக்காரர்கள் பழிதீர்த்த வெள்ளைப் பயங்கரத்தையும் எழுதாவிட்டால் அது பொய்க்கணக்கு. எதிர்ப்புரட்சிப் படையின் தலைவர் மிக்லோஷ் ஹோர்த்தி நவம்பர் 16இல் வெள்ளைக் குதிரையில் நகரத்துக்குள் வந்தார். அதற்கு முன்னும் பின்னும் பால் ப்ரோனாய் போன்ற அதிகாரிகளின் கும்பல்கள் சியோஃபோக், ஒர்கோவானி பக்கமெல்லாம் ஆட்களைப் பிடித்துச் சித்திரவதை செய்து கொன்றன. பலி ஆயிரத்துக்கும் மேல். யூதர் என்பதே போதுமான குற்றம். குன்னும் பல கமிஸார்களும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்கள் என்பதை வைத்து ஒரு சமூகத்தையே குற்றவாளி ஆக்கினார்கள். குன்னின் அரசு யூத வியாபாரிகளின் கடையையும் எடுத்துக்கொண்டது என்பது யாருக்கும் நினைவில்லை. 1920இல் பல்கலைக்கழகத்தில் யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு போட்டுச் சட்டமே வந்தது. அதே வருடம் ஜூன் 4, ட்ரியனான் ஒப்பந்தம். நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு போனது. இன்றைக்கும் புடாபெஸ்டில் கார்களின் பின்னால் பழைய ஹங்கேரி வரைபட ஸ்டிக்கரைப் பார்க்கலாம்.

குன்? 1938இல் மாஸ்கோவில், ஸ்டாலின் ஆட்களால் சுடப்பட்டார்.

அக்டோபர் 19

சிலைகளைப் பற்றிக் கேட்டவருக்கு: ரோபெர்ட் பெரேனி 1919இல் வரைந்த சுவரொட்டி ஒன்று உண்டு. கப்பல்காரன் ஒருவன் சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து, ஆயுதம் ஏந்துங்கள் என்று கத்துகிறான். ஐம்பது வருடம் கழித்து அதையே பெரிய வெண்கலச் சிலையாக நகரப் பூங்கா அருகே வைத்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பேர் 'துணிவைப்பறைக்காரன்': ஐயா, உங்கள் சால்வையை விட்டுவிட்டீர்கள் என்று நாடகக் கொட்டகையிலிருந்து துரத்திக்கொண்டு ஓடுகிறானாம். இப்போது அது நகரத்துக்கு வெளியே மெமெண்டோ பூங்காவில், அகற்றிய சிலைகளோடு நிற்கிறது. நேரில் பார்த்தால் சிரிப்பு வராது. பாதம் தரையிலிருந்து எழும்பும் அந்த வேகம், கழுத்து நரம்பு. அடியில் நின்றால் நாமும் கூட ஓடணும் போலத்தான் இருந்தது.

நவம்பர் 3

இழையைத் தொடங்கியவர் கேட்டிருக்கிறார்: நிலத்தைக் கொடுத்திருந்தால் மட்டும் நின்றிருக்குமா, நேராகப் பதில் சொல் என்று.

நின்றிருக்காது என்றே நினைக்கிறேன். ரஷ்யா வரவில்லை, முற்றுகை நீங்கவில்லை, பாரிஸ் விட்டிருக்காது. ஆனால் ஆகஸ்டில் அது விழுந்தபோது கிராமத்தில் அதற்காக அழ ஆள் இல்லை. சிப்பாய்கள் ருமேனியத் துப்பாக்கிக்கு முன்னாலேயே கலைந்தார்கள். நிலம் கைக்கு வந்திருந்தால் டீசாக்கரையில் இன்னும் கொஞ்ச காலம் நின்றிருப்பார்கள், அந்த நிலத்தைப் பிடுங்க ஹோர்த்தியும் யோசித்திருப்பார்.

1945இல் ஹங்கேரியக் கம்யூனிஸ்டுகள் இந்தப் பாடத்தோடுதான் திரும்பி வந்தார்கள். அந்த மார்ச்சிலேயே பண்ணைகள் பிரிக்கப்பட்டன, விவசாயி பேருக்கே நிலம். கையெழுத்திட்ட விவசாய மந்திரி இம்ரே நாகி. 'நிலம் பங்கிட்ட மந்திரி' என்றே அவருக்குப் பேர். சில வருடத்திலேயே கம்யூனிஸ்டுத் தலைவர் ராகோஷியின் அரசு அந்த நிலத்தைக் கூட்டுப் பண்ணைக்குத் திரும்பப் பிடுங்கத் தொடங்கியது. ராகோஷியும் 1919இல் துணை கமிஸாராக இருந்தவர்தான். நாகி 1956 எழுச்சியில் பிரதமராகி, 1958இல் தூக்கிலிடப்பட்டார்.

நாடாளுமன்றத்துக்கு அருகே சிறு பாலத்தின் மேல் நின்றபடி நாகியின் சிலை ஒன்று இருந்தது. 2018 டிசம்பரில் அதை எடுத்துவிட்டு, அந்தச் சதுக்கத்தில் 1919 செம்பயங்கரத்தில் இறந்தவர்களுக்கு ஹோர்த்தி காலத்தில் எழுப்பிய நினைவுச் சின்னத்தை மறுபடி கட்டினார்கள். இறந்தவர்களுக்கு நினைவுச் சின்னம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவர்களில் குடியானவர்கள் பலர் என்று மேலே எழுதினேன். அதற்கு நிலம் கொடுத்தவரை ஏன் நகர்த்தணும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நாகி சிலையை யாசாய் மாரி சதுக்கத்துக்கு, மார்கிட் பாலத்துப் பக்கம் மாற்றிவிட்டார்கள். போகிறவர்கள் அங்கே தேடிப் பாருங்கள்.